வாத்து கொத்திய காது

கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் தோங் குவெய்லான் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பிறகு சுண்டுவிரல் நுனியை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார். சாயம் கலந்த பச்சைத் தண்ணீராக இருந்தால் போச்சு. அப்படியே திருப்பி நீட்டிவிடுவார்.

"ஆவி வரலையே அண்ணே. ஆவி வராத சூப்பை எந்த வீட்ல குடிக்கிறாங்க? போய்ச் சுட வெச்சுக் கொண்டாங்க."

படப்பிடிப்புச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முணுமுணுத்தபடி அடுப்பைத் தேடிப் போவார். ஐம்பது குதிரைவீரர்கள், ஒரு இளவரசி, இரண்டு மந்திரிகள், உயிரோடு ஒரு ஒட்டகம், எல்லோரும் சூப் கொதிக்கும்வரை காத்திருப்பார்கள். துணை நடிகைக்கு இவ்வளவு அதிகாரமா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் கேட்பதில்லை. விளிம்புவரை நிறைந்த கிண்ணத்தோடு பதினைந்து தடவை ஒரே நடையை நடந்து, பதினைந்து தடவையும் ஒரு துளி சிந்தாமல் நீட்டக்கூடிய கை எங்கள் சினிமா நகரமான ஹெங்டியனில் வேறு யாருக்கும் கிடையாது.

"வெறுங்கிண்ணத்தைத் தூக்கினா முழங்கை மேல போயிடும். பாக்கிறவனுக்கு உடனே தெரிஞ்சிடும்" என்பது தோங் அக்காவின் வாதம். ஹெனானில் ஒரு செங்கல் ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் கிண்ணம் சுமந்தவர். ஆலையை மூடினார்கள். கிண்ணத்தை விட மனமில்லாமல் சினிமாவுக்கு வந்துவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. குட்டையான, அகலமான உருவம். சிரித்தால் மேல்வரிசைப் பல் அத்தனையும் தெரியும். இடது காதுமடலில் ஒரு பிளவு. ஆறு வயதில் வாத்து கொத்தியது.

அந்தக் காது முக்கியம். காரணம் இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சோயாப் பாலுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து இது எந்த நூற்றாண்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெட்டுண்ட கழுத்தோடு ஒருவர் அவித்த முட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்தில் பேரரசியின் பணிப்பெண் ஒருத்தி கைப்பேசியில் கணவனைத் திட்டிக்கொண்டிருப்பாள். இந்தக் கூட்டத்தில் பதினோரு வருடமாகத் தோங் அக்காவும் ஒருவர். பதினோரு வருடத்தில் அவர் திரையில் வந்தது முழங்கையாக, முதுகாக, திரைச்சீலைக்குப் பின்னால் நிழலாக. அதிர்ஷ்டமான நாட்களில் இடது காதாக.

இதற்கு ஒரு சட்டம் காரணம். ஒரு படத்தில் ஒரு காட்சியில் உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்துவிட்டால், அதே படத்தில் வேறு வேலை கிடையாது. "முகம் செலவாயிடுச்சு" என்பார்கள். அதனால் கெட்டிக்காரத் துணை நடிகர்கள் முகத்தைச் சில்லறைபோல முடிந்துவைத்துக்கொள்வார்கள். காமிரா திரும்பினால் தாமும் திரும்புவார்கள். தோங் அக்கா இந்த வித்தையில் கரைகண்டவர். லென்ஸ் தன்னைப் பார்க்கிறது என்பது அவருக்குக் கண்ணால் தெரியவேண்டியதில்லை, கழுத்துக்கே தெரியும். கழுத்து தானாகத் திரும்பும். வாத்து கொத்திய காது முன்னால் வரும்.

வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போனால்தான் தொல்லை. உடன்பிறந்த மூத்தவள் குவெய்ஃபென் அண்டை வீட்டார் நாலு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் போடுவாள்.

"எங்கடி இருக்க?"

"அந்தத் தூணு பக்கத்துல."

"எந்தத் தூணு? தூணுதான்டி தெரியுது."

"தூணுக்குப் பின்னால ஒரு காது தெரியுதுல்ல. நல்லாப் பாரு, பிளவு இருக்கும்."

படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, எல்லோரும் எழுந்து திரைக்குக் கிட்டப் போய்க் காதைப் பரிசீலிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி பல்லைக் குத்திக்கொண்டே, "காது எல்லாருக்கும்தான் இருக்கு" என்பாள். தோங் அக்காவுக்கு அதுதான் நெஞ்சில் தைத்த வார்த்தை. எங்கேயோ ஓட்டலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு சினிமா என்று சொல்லித் திரிகிறாள் என்று ஊரில் பேச்சு. "ஒரே ஒரு தடவை மூஞ்சி வரட்டும். அப்புறம் நான் சாகிறவரைக்கும் முதுகாவே நடிக்கிறேன்" என்று கூட்டத்தில் அவரோடு நிற்கும் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

சாவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். திரையில் அவர் செத்தது இருநூறு தடவைக்குக் குறையாது. செத்தவராக நடித்தால் காசு வைத்து ஒரு சிவப்பு உறை கொடுப்பார்கள். அதை வாங்கிய கையோடு காமிராவைப் பார்த்து மூன்று தடவை வாய்விட்டுச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சாவு கூடவே வீட்டுக்கு வந்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உறையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். தோங் அக்கா விடமாட்டார். ஆனால் துணை நடிகர்களின் சாவுக்காகக் காமிரா காத்திருக்குமா? அவர் உடம்பில் ஒட்டிய ரத்தச்சாயத்தைத் துடைத்து எழுந்திருப்பதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போயிருப்பார்கள். அதனால் அவர் கண்ணாடி உள்ள எதைப் பார்த்தாவது சிரித்துத் தீர்ப்பார். ஒருமுறை சாப்பாட்டு வண்டியின் முன்விளக்கைப் பார்த்துச் சிரித்ததில் ஓட்டுநர் பயந்து ஒலிப்பானை அடித்துவிட்டார்.

போன வசந்தத்தில் இங்கே ஒரு பெரிய படம் வந்து இறங்கியது. பெயர் 'மூன்று பனி தாண்டிய கடிதம்'. கதை என்னவென்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குப் புரிந்த அளவில்: டாங் அரச காலத்தில் ஒரு தளபதி, அவனைக் காதலிக்கும் ஒரு கொக்கு, அதாவது பெண்ணாக மாறிய கொக்கு. தளபதி செத்துவிடுகிறான். எழுநூறு எண்ணூறு வருடம் கழித்து மிங் காலத்தில் வைத்தியனாகப் பிறக்கிறான். மறுபடி சாவு. கோட்டும் தொப்பியும் வந்த குடியரசுக் காலத்தில் புகைப்படக் கடை வைக்கிறான். கொக்கு ஒவ்வொரு முறையும் அவனை மறந்துபோகிறது, அல்லது மறக்காமல் மறந்ததுபோல நடிக்கிறது. இது கதாசிரியருக்கே தீர்மானமாகவில்லை.

நாயகன் இருபத்து மூன்று நாட்கள்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் மூன்று தெருவில் மூன்று படக்குழு, மூன்று நூற்றாண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தன. நாயகனை மின்வண்டியில் ஏற்றி நூற்றாண்டுவிட்டு நூற்றாண்டு கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே தலைமுடி மாற்றினார்கள். ஒருநாள் அவர் முழுக் கவசத்தோடு ஷாங்காய் நடன மண்டபத்துக்குள் நுழைந்து, "எதிரி எங்கே?" என்று கர்ஜித்தார். பாண்டு வாத்தியக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நாயகி ஒருமுறை அழுவதற்கு முன் அவர் காதருகே கேட்டது என் காதிலும் விழுந்தது:

"இப்ப நான் உன்னை ஞாபகம் வெச்சிருக்கேனா, மறந்துட்டேனா?"

"எனக்கென்ன தெரியும்? முடி அலங்காரக்காரரைக் கேளு. கொண்டையைப் பாத்தா அவர் சொல்லிடுவார்."

நாயகன் இல்லாத நேரங்களில் மாற்று ஆளை நிறுத்தி எடுத்தார்கள். மாற்று ஆளின் முதுகைத்தான் காட்ட முடியும். முதுகை எடுக்கும் காமிரா எதிரே யார் நிற்கிறாரோ அவர் முகத்தைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்?

மூன்று தெருவிலும் எதிரே நின்றது தோங் அக்கா.

டாங் தெருவில் தளபதிக்கு ஆட்டுச் சூப் கொடுப்பவர். மிங் தெருவில் வைத்தியனிடம் கஷாயக் கிண்ணம் நீட்டுபவர். குடியரசுத் தெருவில் புகைப்படக் கடை வாசலில் இறைச்சிக் கொழுக்கட்டைச் சூப் விற்பவர். மூன்று குழுவுக்கும் மூன்று ஆள்பிடிக்கிறவர்கள். மூன்று பேருக்கும் தனித்தனியே ஒரே யோசனை தோன்றியிருக்கிறது: 'கிண்ணமா? தோங் அக்காவைக் கூப்பிடு.' அழைப்புச் செய்தியில் படத்தின் பெயர் இருக்காது, தெருப் பெயரும் நேரமும்தான். லென்ஸ் குறிவைத்தது எதிரே நின்ற முதுகை என்று நினைத்து, மூன்று தடவையும் கழுத்து சும்மா இருந்துவிட்டது. 

ஒரே படம் என்று தெரியவில்லையா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள்.

"எப்படித் தெரியும்? மூணு இடத்துலயும் முதுகு வேற வேற முதுகு" என்றார்.

காட்சித் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் நியே யிங்தான் இதைக் கண்டுபிடித்தவள். மெலிந்த பெண், மூன்று தெருவின் படங்களையும் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையைக் கீழே போட்டுவிட்டாளாம். ஆயிரத்து நூறு வருடமாக ஒரே பெண்பிள்ளை, ஒரே பல்வரிசையோடு, நாயகனுக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் யான் மறுபடி எடுக்க நாளில்லை என்று தலையில் கைவைத்தார். தயாரிப்பாளர் அம்மாள் அலட்டிக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர்ல அந்தம்மா மூஞ்சியை மாத்திடுங்க. மூணுக்கும் மூணு மூஞ்சி. முடிஞ்சுது" என்றார்.

செய்தியைக் கொண்டுவந்தவன் பெங் ஹாவ், டாங் தெருவுக்கு ஆள் பிடித்தவன். தோங் அக்கா அப்போது வாடகை அறை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க ஆயிரம் வருஷம் வாழ்ந்துட்டீங்க."

"காலங்காத்தால குடிச்சிருக்கியா?"

பெங் உட்கார்ந்து விவரம் சொன்னான். முதல் பாதியைக் கேட்டபோது அக்காவின் பல் அத்தனையும் தெரிந்தது. இரண்டாம் பாதியில் பூண்டுத்தோல் மட்டும் பறந்துகொண்டிருந்தது.

"மூணுலயும் மூஞ்சி தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது. நாயகன் மூஞ்சியை விட அதிகமாத் தெரியுது. அதான் பிரச்சினையே."

"மூணையுமா அழிக்கிறாங்க? ஒண்ணை விட்டுவைக்கச் சொல்லேன்டா. எதை வேணா விடட்டும். டாங் வேண்டாம், அதுல தலை நிறையப் பூவைச் சொருகிட்டாங்க, குவெய்ஃபென்னுக்கு அடையாளம் தெரியாது."

"நான் சொன்னா கேப்பாங்களா அக்கா? நான் ஆள் பிடிக்கிறவன். மூஞ்சி பிடிக்கிறவன் இல்ல."

"அப்ப யார்டா மூஞ்சி பிடிக்கிறவன்?"

பெங் எழுந்தான். உரித்த பூண்டில் பாதியை எடுத்துக்கொண்டு போனான்.

இந்த இடத்தில் படமே தோங் அக்காவுக்கு உதவிக்கு வந்தது. அதாவது படத்தின் குழப்பம். முகம் மாற்றும் வேலை தொடங்குமுன் இருபது பேரை உட்காரவைத்துப் படத்தை அரைகுறையாகப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் தாளைக் கொடுத்துக் கருத்து கேட்டார்கள். கொக்கு எப்போது பெண்ணானது என்று எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. கடிதம் யார் எழுதியது என்று யாருக்குமே தெரியவில்லை. ஒருவர் கடைசிவரை நாயகனை மூன்று அண்ணன் தம்பிகள் என்று நினைத்திருக்கிறார். ஆனால் பதினேழு பேர் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்கள்: 'சூப் கொடுக்கும் அந்த அம்மா யார்?' பதினெட்டாவது ஆள், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், பதிலையே எழுதிவிட்டார்: 'செத்தவர்களுக்குப் பாலத்தின் முனையில் மறதிச் சூப் ஊற்றிக் கொடுக்கும் கிழவிதானே இவர்? உயிரோடு இருக்கும்போதே வந்து கொடுத்துவிடுகிறார். அதனால்தான் இத்தனை மறதி. படத்தில் தெளிவாக இருப்பது இது ஒன்றுதான். அபாரம்.'

இயக்குநர் யான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா, ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டாரே" என்றார். அன்று மாலைக்குள் ஆரம்பத்திலிருந்தே அவர் மனத்தில் இருந்த யோசனை அது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தயாரிப்பாளர் அம்மாள் ஒரு நாள் கொடுத்தார். ஒரே நாள். பாதாளத்துப் பாலம், கிழவி, கிண்ணம். கிழவி முகத்தைத் தூக்கி மூன்று மூச்சு நேரம் லென்ஸை நேராகப் பார்க்கவேண்டும். பார்க்கிறவர்களுக்கு 'ஓ, இவளா!' என்று உறைக்கவேண்டும். அது கிடைத்தால் முகம் இருக்கும். கிடைக்காவிட்டால் இதுவும் சேர்த்து நாலு முகமும் போகும். கம்ப்யூட்டர்க்காரர் தயாராக இருக்கிறார்.

பாலம் அட்டையில் செய்தது. காலை பத்து மணி வெயில் அடிக்க, கறுப்புத் துணி போர்த்தி உள்ளே இரவாக்கியிருந்தார்கள். புகை மூட்டம். தோங் அக்காவுக்கு நரைத்த கொண்டை. சூப்பை முகர்ந்தார், சூடு பார்த்தார், தலையாட்டினார். பிறகு இயக்குநரிடம் போனார். பதினோரு வருடத்தில் ஒரு இயக்குநரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"டைரக்டரே, நான் இவங்களுக்கு நல்லது பண்றேனா, கெட்டது பண்றேனா?"

யான் புகையைக் கையால் விலக்கினார். "ரெண்டும்தாம்மா."

"அப்ப மூஞ்சியை எப்படி வெச்சுக்கிறது?"

"கொஞ்சம் குழப்பமா வெச்சுக்குங்க."

"அது இருக்கு" என்றார் அக்கா.

காமிரா ஓடியது. நடந்து வந்தார். கிண்ணம் வந்தது, ஆவி வந்தது, முகம் உயர்ந்தது. லென்ஸ் நெருங்கியது. கழுத்து திரும்பியது. வாத்து கொத்திய காது திரை முழுக்க நிறைந்தது.

"காது வேண்டாம்மா! மூஞ்சி!"

"மூஞ்சியைத்தான் குடுக்கிறேன் டைரக்டரே. அதுவாத் திரும்பிக்குது."

இரண்டாவது தடவையும் காது. ஐந்தாவது தடவை மோவாய்க்கட்டைக்கு அடியில் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். கண் மட்டும் திரும்பிக்கொண்டது. ஒன்பதாவதில் நாயகனே வந்து, "என்னைப் பாருங்கம்மா, லென்ஸை மறந்துடுங்க" என்றார். அக்கா அவரைப் பார்த்தார். முகம் முழுக்க அன்பு. ஆனால் லென்ஸுக்குக் காது. பதினாறு தடவை ஆயிற்று. சூப்பை மூன்று முறை மறுபடி கொதிக்கவைத்தார்கள். பதினாறிலும் ஒரு துளி சிந்தவில்லை. அக்காவின் பொய்க்கொண்டைக்குள்ளிருந்து வியர்வை இறங்கியது. "இன்னொண்ணு, இன்னும் ஒரே ஒண்ணு டைரக்டரே" என்று கேட்ட குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

தயாரிப்பாளர் அம்மாள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நடந்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். யான் கையை உயர்த்தி, "கட். போதும். விளக்கை இறக்குங்க" என்றார். யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து அதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் பாடுபட்டார்கள்.

நியே யிங் சிவப்பு உறையோடு வந்தாள். பாதாளக் காட்சியில் நடித்தவர்களுக்கு உறை உண்டு. அதைக் கொடுக்கவேண்டியதும் அவள் பொறுப்பு.

"தோங் அக்கா, இந்தாங்க."

அக்கா கிண்ணத்தை இறக்கி வைத்தார். உறையை இரண்டு கையாலும் வாங்கினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். என்ன துக்கமானாலும் சாவை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தார். அதிசயமாக, காமிரா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

நியேக்கு என்ன தோன்றியதோ தெரியாது. விளக்கணைக்கப் போன பையனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையைக் காமிராக்காரரின் தோளில் வைத்து, "ஓட விடுங்க" என்றாள், உதடு மட்டும் அசைய.

தோங் அக்கா லென்ஸுக்கு நேரே வந்து நின்றார். கழுத்து திரும்பவில்லை. இது நடிப்பு இல்லையே, திரும்புவதற்கு? உள்ளே நன்றாகக் குனிந்து பார்த்து, மேல்வரிசைப் பல் அத்தனையும் தெரிய, ஹா, ஹா, ஹா என்று மூன்று தடவை சிரித்தார். கண்ணில் நீர் நின்றுகொண்டிருந்தது. பிறகு சாவு போய்விட்டதா என்று சரிபார்ப்பவர்போல இன்னும் கொஞ்சநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

யான் எழுந்திருந்தார். அவர் எண்ணியது ஐந்து மூச்சு. வெளியே ஓடி, தயாரிப்பாளர் அம்மாளின் கையிலிருந்த கைப்பேசியை அவரே வாங்கி அணைத்தார்.

முன்னோட்டம் போன வாரம் வந்தது. கொக்கு பறக்கிறது, பனி பெய்கிறது, தளபதி சாகிறான், யாரோ ஒரு கடிதத்தைக் கிழிக்கிறார்கள். கடைசியில் எல்லாம் இருண்டு, ஒரு கிழவி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் நமக்காக அழுகிறாளா, நம்மைக் கேலி செய்கிறாளா என்று ஒன்றும் விளங்கவில்லை. இணையத்தில் இரண்டு கட்சி கட்டிச் சண்டை நடக்கிறது.

முந்தாநாள் மதியம் டாங் தெருவில் வேறொரு படத்துக்காகத் தோங் அக்கா நிறைகிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். காதுக்கு மேலே தலையைத் துணியால் இறுகக் கட்டியிருந்தார். கைப்பேசி அலறியது. இரண்டு கையும் கிண்ணத்தில் இருந்ததால் பெங் எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் குவெய்ஃபென். அவள் தோளுக்குப் பின்னால் பல் குத்தும் பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தாள்.

"அடியே, பாத்தோம்டி. நாலு தடவை போட்டுப் பாத்தோம். நீ எங்கடி?"

"கடைசில வருதே, சிரிக்குதே, அதான்."

"அந்தக் கிழவியா? போடி. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அதுல காதையே காட்டலையேடி. மூஞ்சியை மட்டும்தான் நேரா நீட்டுது."

"நான்தான் அக்கா அது."

"அப்படித்தான் சொல்லுவா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தோங் அக்கா கிண்ணத்தைச் சற்று இறக்கிப் பிடித்தார். பிறகு கைப்பேசிக்கு முன்னால் கழுத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, வாத்து கொத்திய காதை அதற்கு நேரே காட்டிக்கொண்டு, கையிலிருந்த சூப்பில் ஆவி போய்க்கொண்டிருக்க, அசையாமல் நின்றார்.